சுகந்திக்காக அழுதவர்கள்

போன வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்ஸில் ஒரு சாவு விழுந்தது.

பதறாதீர்கள். செத்தது சுகந்தி. ஆறு மாதமாக வாராவாரம் டி.வி. தொடரில் புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாளே, அவள்தான். அன்றைக்குக் கிணற்றில் குதித்துவிட்டாள்.

முதல் மாடி சுந்தரேசன் மாமா வீட்டில்தான் பெரிய கலர் டி.வி. எங்கள் வீட்டு டப்பாவில் பார்த்தால் சுகந்தி அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியாது. ஆகவே வியாழன் தோறும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே ஆஜர். தொடர் முடிந்ததும் காபி. காபியோடு பட்டிமன்றம்.

அன்று காபியே வரவில்லை. மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொறந்த ஆத்துக்கு வந்திருக்கலாமே, பாவி! அதுக்குள்ள என்ன அவசரம்?"

கீழ் வீட்டு ரோஸி டீச்சருக்கு — சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை — கோபமே வந்துவிட்டது. "எப்படி வருவா மாமி? போன வாரம் வந்து நின்னப்ப, 'ரெண்டு நாள் இருந்துட்டுக் கிளம்பு'ன்னுதானே அவ அப்பா சொன்னார்? அவளைக் கிணத்துல தள்ளினதே அந்த ஆள்தான்!"

"கரெக்ட்!" என்று எழுந்தே விட்டார் சுந்தரேசன் மாமா. கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். தீர்ப்பு சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் போதும். "அவனெல்லாம் ஒரு அப்பனா? நானா இருந்தா நேரே போய்க் கையைப் புடிச்சு அழைச்சுண்டு வந்திருப்பேன். ஊர் என்ன சொல்லும்னு பாத்துண்டா நிப்பேன்?"

நான் சும்மா இருப்பேனா? பத்திரிகையில் எழுதுகிறவன் அல்லவா! "கதை எழுதினவர் பண்ணினது துரோகம். அந்தப் பொண்ணை வாழ வெச்சிருக்கணும்" என்று என் பங்குக்கு முழங்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல்.

"நான்தான் வந்துட்டேனேப்பா. என்னை ஏன் திருப்பி அனுப்பறேள்?"

உமா. மாமாவின் ஒரே பெண். வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அழைத்து வந்த பெண்... ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கை நீட்டுவார் என்று மாமி என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். வந்த அன்று அவள் இடது காது வீங்கியிருந்ததை மாடிப்படியில் நானே பார்த்தேன். ஃப்ளாட்ஸில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட வாய் திறந்து கேட்டதில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள் இல்லையா நாங்கள்?

இந்த ஐப்பசியில் அவளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மொத்த உறவுக்கும் விஷயம் தெரிந்துவிடும். மாமா வேளச்சேரிக்குப் போய் அழைத்தார். "முதல்ல பொண்ணைக் கொண்டுவந்து விடுங்கோ, அப்புறம் ரெண்டு பேருமா வருவா" என்றார்களாம் சம்பந்தி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது என்று பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்துவிட்டார் மாமா.

டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அது கதைம்மா" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "இது குடும்பம். பண்டிகை ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

மாமா டி.வி.யை அணைக்கப் போனார். உமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரோஸி டீச்சர் கைப்பையைத் தேட ஆரம்பித்தார். என் மனைவி, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்தாள். கடைசியில் உமா என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்கோ."

"அப்பா பாத்துச் செஞ்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஞாயிறு காலை விட்டு விட்டு மழை. வாசலில் மாமா, சூட்கேஸ், உமா. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. மாமி கீழே இறங்கவே இல்லை. "ஒரு ஆட்டோ பிடிச்சுத் தர முடியுமா?" என்றார் மாமா. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வேளச்சேரியா? இன்னா சார் நீ... அங்க முட்டி வரைக்கும் தண்ணி நின்னுகினு கீது. வண்டி போவாது" என்றார் முதல் ஆட்டோக்காரர். இரண்டாமவரும் அதையேதான் சொன்னார். மூன்றாமவர் நிற்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். உமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை... இன்றைக்குத் தப்பித்துவிடுவோமோ என்று. வண்டி கிடைக்கவில்லை மாமா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நல்ல நேரம் தாண்டியிருக்கும். பஞ்சாங்கத்தை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

நாலாவது ஆட்டோக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சம்மதிக்க வைத்து, வாசலுக்கே கூட்டி வந்தேன். "பெரிய உபகாரம் சார்" என்றார் மாமா. உமா ஏறி உட்கார்ந்தாள்.

யார் உதவி கேட்டாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது... உமாவிடம் மட்டும் வந்துவிட்டது!