ஆல்பத்துக்காக ஒரு கோட்டை

அக்காவின் மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடிய சாமத்திய வீட்டு ஆல்பத்துக்காக, சுவிஸின் பீல் நகரிலிருந்து இரண்டு வான் வண்டிகளில் எல்லை தாண்டி, பிரான்சில் வைன் செய்யும் ஒரு குட்டிக் கிராமத்துக்குப் போனோம். அங்கே மத்தியகாலக் கோட்டை ஒன்று இருந்தது. சுவிஸில் கோட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளூர்க் கோட்டைக்கு முன்னால் நின்றால் அக்காவின் மானம் என்னாவது? பட்டுச்சேலை கட்டிய பிள்ளை திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் நாலு மணிநேரம் சிரித்தாள். தாய்மாமன் என்ற உரிமையில் நான் குடை பிடித்தேன்.

ஆல்பம் வந்தபோது கோட்டையைக் காணவில்லை. பிள்ளைக்குப் பின்னால் ஈபிள் கோபுரம் நின்றது.

படம் எடுத்தவரிடம் கேட்டேன். “அண்ணை, அந்தப் பழஞ்சுவரைப் பார்த்து ஆர் பிரான்ஸ் எண்டு நம்புவினம்? அதுதான் கொம்பியூட்டரிலை மாத்தினனான்” என்றார்.

அக்கா ஆல்பத்தைத் தடவிப் பார்த்தாள். “இப்பதான் பிரான்சுக்குப் போன மாதிரி இருக்கு” என்றாள்.