லயன் ரூமுக்கு ஒரு சிங்கம்

காலை ஏழரைக்குப் பதுளையில் பண்டாரவளை பஸ் ஏறினேன். பழைய காணி விளம்பரங்களைச் சேர்ப்பது என் கிறுக்கு. எங்கள் திருகோணமலைப் பக்கத்து விளம்பரங்களில் கடற்காற்றுக்கும் சேர்த்தே விலை பேசியிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு மலைநாட்டு விளம்பரம் அகப்பட்டது. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் விற்பனைக்கு: பங்களா ஒன்று, தொழிற்சாலை ஒன்று, கறவை மாடு பதினாறு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன் பன்னிரண்டு. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே தீருவதென்று அதன் பிரதியோடு கிளம்பிவிட்டேன்.

தெமோதரையில் இறங்கி, அறுநூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசி மேலே போனேன். மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் குடல் வாய்க்கு வந்தது. பங்களா அப்படியே இருக்கிறது. மாடுகளைக் காணோம். லயன்களில் இன்னும் புகை எழும்புகிறது.

கடைசி லயனுக்குக் கீழே புதிதாக ஒரு சிறு வீடு. வாசலில் ஒரு பெண், பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றார். பெயர் சரோஜா. இருபது வருடம் கொழுந்து பறித்தவர். சொந்த வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு விட்டிருக்கிறார். முதல் விருந்தாளிகளை ஒரு வேன்காரர் இன்று கூட்டி வருகிறார்.

"லயன் ரூம்னு எழுதச் சொன்னேங்க. பதுளைக்காரன் சிங்கத்தை வரைஞ்சு அனுப்பியிருக்கான்!"

பிடரியும் பல்லுமாக அசல் சிங்கம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சிரிக்காதீங்க. இவங்க தங்கினாத்தான் வேன்காரர் அடுத்த ஆளைக் கூட்டிட்டு வருவாரு. இல்லாட்டி நாளைக்கே பெரட்டுக்குப் போய் நிக்கணும்." தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் பிரிப்பதுதான் பெரட்டு.

பேச்சை மாற்ற நான் விளம்பரத்தைப் படித்துக் காட்டினேன்.

"மாட்டைக்கூட எண்ணியிருக்கான். ஆளுங்க எத்தனை பேருன்னு போடலையா?"

"இல்லை அக்கா. லயன் கணக்கு மட்டும்தான்."

"அட பாவி!"

பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது. முதுகுப்பையோடு இறங்கிய இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்கள். ஒருத்தி, சிங்கம் எங்கே என்று கேட்டாள். வேன்காரர் முகம் சுருங்கியது.

சரோஜா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். மார்பில் ஓங்கித் தட்டினார்.

"லயன்? மீ!"

அந்தப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பின்பக்க ஜன்னலைத் திறந்ததும் ஒரு கூச்சல்! பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. மூன்று நாள் தங்குகிறார்களாம். "அடுத்த கிழமை நாலு பேர் இருக்காங்க அக்கா," என்றார் வேன்காரர். சபாஷ் என்று நான் வாய்விட்டே கத்திவிட்டேன்.

கிளம்பும்போது சரோஜா கையை நீட்டினார். "அந்தப் பேப்பரைக் குடுத்துட்டுப் போங்க. ரூம்ல மாட்டுறேன். வர்றவங்க கேக்கட்டும், மிச்சக் கணக்கை நான் சொல்றேன்."

கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் கடலைக் காட்டிக் காணி விற்றவர் எவரும் அதில் வலை வீசியவரில்லை. இங்கே மலையைக் காட்டி வாடகை கேட்பவர் அதே மலையில் கூடை சுமந்தவர். ஆட்டோ திரும்பும்போது பலகையை மறுபடி பார்த்தேன். சிங்கத்தின் காலடியில் தமிழில் ஒரு வரி இருந்தது: உரிமையாளர், சரோஜா.