இரண்டு ஏக்கர் முந்திரியும் மேகாத்தும்

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே ஒரு செம்மண் மேட்டில் எண்பது மீட்டர் உயர இரும்புக் கம்பம் ஒன்று மூன்று வருடம் நின்றது. நிலம் பழனிவேலின் பெரியப்பா மகனுடையது. அதற்கு மேற்கே ஒட்டினாற்போல் இருந்த இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு பழனிவேலுடையது. பக்கத்து நிலத்துக்காரர் என்பதால் கம்பத்துக்குக் காவல் வேலையும் அவருக்கே கிடைத்தது.

கம்பத்தை நட வந்தவள் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த புவனேஸ்வரி. நான்கு உயரங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணங்களைப் பொருத்திவிட்டு, கீழே இறங்கி வந்து அவரிடம் விளக்கினாள்.

“மேல வேகமா போற காத்து, கீழ வர வர மட்டுப்படும்ணே. மரம், வீடு, வேலி எல்லாம் அதை இழுத்துப் பிடிக்குது. மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாக்கறதுதான் என் வேலை. விண்ட் ஷியர்னு சொல்வாங்க.”

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க. ஆடி மாசம் மேக்கேருந்து வர்ற மேகாத்து அந்த அடி அடிக்கும். தோப்புக்குள்ள உக்காந்தா அப்பவும் பீடி பத்த வெக்கலாம்” என்றார் பழனிவேல்.

அவள் சிரித்தாள். அதையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருந்தாள். தினமும் காலையில் போய், கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, கிண்ணங்கள் எல்லாம் சுற்றுகின்றனவா என்று பார்த்து எழுத வேண்டும். மழை, மூடுபனி, புழுதி எதுவானாலும் எழுத வேண்டும். அரை கிலோமீட்டர் சுற்றளவில் சொல்லாமல் மரம் வெட்டக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது என்று ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டாவதோடு நின்ற படிப்பு அவருடையது. ஆனாலும் ஒரு நாள் விடாமல் எழுதினார். இடி விழுந்து பனை ஒன்று கருகியதையும், யாரோ கீற்றுக் கொட்டகை போட்டதையும்கூட எழுதினார். ஞாயிறுதோறும் பக்கங்களைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவார். பதிலுக்குக் கும்பிடு படம் ஒன்று வரும்.

இரண்டாவது வருடம் ஊரடங்கு வந்தது. அதற்கு முன்பே மூன்று வருடமாக முந்திரிப் பூ கருகிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் காய்த்த கொஞ்சத்தையும் வாங்க ஆள் வரவில்லை. மூட்டைகள் வீட்டு நடையிலேயே கிடந்து பூச்சி பிடித்தன. தோப்பை அழித்து மக்காச்சோளம் போடலாம் என்று பழனிவேல் முடிவு செய்தார்.

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுங்க” என்றாள் மனைவி ராசாத்தி.

“சொன்னா வேணாம்னு சொல்லும். இல்லன்னா வேற ஆள வெச்சுக்கும். இப்ப வூட்டுக்கு வர்ற சம்பளம் அது ஒண்ணுதான்.”

ஆனி மாதத்தில் ஜேசிபி வந்தது. நாற்பது வருட மரங்கள் வேரோடு சாய்ந்தன. பதினோரு நாளில் தோப்பு வெறும் மண்ணாகிவிட்டது. அந்தப் பதினோரு நாளும் பழனிவேல் நோட்டில் எழுதியது: மழை இல்லை, காற்று பலம், கம்பி சரி.

பத்து நாள் கழித்து புவனேஸ்வரி போன் செய்தாள்.

“அண்ணே, கீழ இருக்கற கருவி திடீர்னு வேகத்தைக் கூடுதலா காட்டுது. மேகாத்து அடிக்கறப்ப மட்டும்தான் இப்படி வருது. அங்க ஏதாவது மாறியிருக்கா?”

“ஒண்ணும் இல்லீங்களே.”

“மரம் கிரம் ஏதும் விழுந்துச்சா?”

“எல்லாம் அப்படியேதான் இருக்குங்க.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் நோட்டை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள்.

ஊரடங்கு தளர்ந்ததும், அந்த இடத்தை முன்பின் பார்த்திராத, கம்பம் ஏறத் தெரிந்த இரண்டு பேர் வந்தார்கள். கருவிகளைக் கழற்றி, வேறு கருவிகளை மாட்டிவிட்டுப் போனார்கள். கழற்றியவற்றைச் சோதித்துப் பார்த்ததில் பழுது எதுவும் இல்லை. புதியவையும் அதே போலத்தான் காட்டின. காரணம் சொல்ல முடியாத கணக்கை ஆய்வில் சேர்க்க முடியாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். ஜெயங்கொண்டத்துக் கம்பத்தை விட்டுவிட்டு, மற்ற இடங்களின் கணக்கைக் கொண்டு ஆய்வைத் திருத்தி எழுத அவளுக்கு ஒரு வருடம் கூடுதலாக ஆனது.

இதெல்லாம் பழனிவேலுக்குத் தெரிந்தது 2022 மாசியில், கம்பத்தைப் பிரிக்க அவள் ஆட்களோடு வந்தபோதுதான். ஜீப்பை விட்டு இறங்கியவள் மேற்கே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தோப்பு இருந்த இடம் முழுக்க அறுவடை முடிந்த மக்காச்சோளக் கட்டைகள் தெரிந்தன.

“இங்க முந்திரி இருந்துச்சேண்ணே.”

“இருந்துச்சுங்க.”

“நான் போன் பண்ணப்ப?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே வெட்டிட்டேங்க. வேலைய விட்டு நிறுத்திடுவீங்கன்னு பயம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அமைதியாகச் சொன்னாள். “ஒரே எடத்துல தோப்பு இருந்தப்பவும், அதை அழிச்ச பின்னாடியும் அளந்தது ரொம்ப அபூர்வம்ணே. அதுக்குன்னு யாரும் தோப்பை வெட்டமாட்டாங்க. நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, உங்க தோப்பைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். என் ஆய்வுலயே அதுதான் பெருசா இருந்திருக்கும்.”

மறைத்தால்தான் வேலை நிலைக்கும் என்று பழனிவேல் நினைத்திருந்தார். சொல்லியிருந்தால் அவளுக்கு அது வரமாக இருந்திருக்கும்.

“இப்ப எழுத முடியாதுங்களா?” என்று கேட்டார்.

“எந்த நாள் ஆரம்பிச்சு எந்த நாள் முடிஞ்சதுன்னு சரியா தெரியணும். கணக்குல ஒரு எடத்துல மாறுது. ஆனா கணக்கை வெச்சே கணக்கை நிரூபிக்க முடியாதே. உங்க நோட்டுல அது இருந்திருக்கணும்.”

அடுத்த வாரம் முழுக்க அவர் அந்த நாளைத் தேடினார். ஜேசிபி வைத்திருந்த கலையரசனிடம் போனார். அந்த வருடத்துச் சீட்டுகளை எப்போதோ எரித்துவிட்டதாக அவன் சொன்னான். விறகு ஏற்றிய லாரிக்காரர் ஊரிலேயே இல்லை. முதல் மரத்துக்குச் சூடம் காட்டியவள் ராசாத்திதான். அது வெள்ளிக்கிழமை என்று அவளுக்கு நினைவிருந்தது. ஆனியில் எந்த வெள்ளி என்று கேட்டால் சொல்ல முடியவில்லை.

அதையாவது சொல்லலாம் என்று புவனேஸ்வரிக்குப் போன் செய்தார். அவள் ஆய்வை ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். கம்பமும் காற்றும் இனி அவள் வேலையில் இல்லை.

“ஆனி மாசம், ஒரு வெள்ளிக்கிழமைங்க. அவ்வளவுதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது.”

“எழுதி வெச்சுக்கறேண்ணே. மக்காச்சோளம் எப்படி வெளஞ்சுது?”

“ஒரு தடவை நல்லா வந்துச்சு. அப்புறம் படைப்புழு தின்னுடுச்சுங்க.”

வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து ராசாத்தி எட்டிப் பார்த்தாள். “சொல்லிட்டீங்களா?”

“வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேன்.”

“நான் அதைக் கேக்கல. மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?”

பழனிவேல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொல்லைக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.