டாலிக்குப் பார்த்த மாப்பிள்ளை

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சிம்பாங் பூலாயில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேனின் பின்கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது ஓர் ஆண் நாயின் முகம். ஜெர்மன் ஷெப்பர்ட். இடது காது மட்டும் நிமிராமல் மடங்கியிருந்தது. எங்கள் பெண் நாய் டாலிக்கும் அப்படித்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் சந்தேகமெல்லாம் அந்த நாயைக் கமுந்திங்கிலிருந்து கொண்டுவந்த ஆள்மீது. டாலியின் பல்லைப் பிடித்துப் பார்த்தார், முதுகைத் தடவினார். நாயின் பதிவுப் பத்திரம் எங்கே என்று அம்மா கேட்டபோது குடிக்கத் தண்ணீர் கேட்டார். டாலியைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுசெய்து, கேட்டைப் பூட்டிச் சாவியைக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏற்பாடு அம்மானுடையது. அம்மாவின் அண்ணன், செட்டியார் வீடுகளில் கல்யாணம் பேசி முடிப்பவர். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் எங்களில் பங்காளிகள், பெண் கொடுத்து எடுப்பதில்லை. அதனால் ஜாதகத்தைத் தொடும் முன்பே எந்தக் கோயில் என்று கேட்டுவிடுவார். டாலிக்கும் ராகு காலம் பார்த்தே ஞாயிறு காலையைக் குறித்திருந்தார்.

டாலிக்கு ஒன்பது மாதம்தான் ஆகிறது, இந்த முறை வேண்டாம், டாக்டரிடம் காட்டி இடுப்பெலும்பைப் படமெடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார் அம்மா.

“ஒனக்கு மாப்பிள்ள பாத்தப்ப எக்ஸ்ரேயா எடுத்தேன்?” என்றார் அம்மான்.

“எடுத்திருக்கலாம்ணே.”

கமுந்திங்காரர் சிரித்தார். “கவலைய விடுங்க அண்ணே. நீங்க டாலிய வாங்குன அதே வீட்டு நாய்தான் இது. தெரிஞ்ச எடம் லா.”

“அப்ப சரி. நல்ல குடும்பம்,” என்றார் அம்மான்.

மதியம் கமுந்திங்காரர் கிளம்பச் சாவி கேட்டார்கள். டாலி கூண்டில் இருப்பதைப் பார்த்த பிறகே கொடுத்தேன். நான்தான் அதைக் காப்பாற்றினேன் என்று இரண்டு மாதம் பெருமையாக இருந்தேன்.

பிரசவத்தில் குட்டி வெளியே வராமல் டாலி ஒரு பகல் முழுக்க முனகியது. மறுநாள் காலை ஈப்போவில் கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்து மூன்று குட்டிகளை எடுத்தார். மூன்றுக்கும் மேலண்ணம் பிளந்திருந்தது. பால் குடிக்க முடியவில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு என்று கேட்டார். அம்மான் அங்கிருந்தே கமுந்திங்குக்குப் போன் செய்தார். டாலியும் அந்த ஆண் நாயும் ஒரே வயிற்றில் பிறந்தவை, வெவ்வேறு ஈற்று. போனை வைத்த பின், ஊரெல்லாம் கோயில் விசாரிக்கும் அம்மானை அம்மா ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டைத்தான் பூட்டினேனே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மாலை நாலு மணிக்கு டாலி இறந்தது. அதற்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.