அடிச்சட்டத்தில் ஓர் எண்

செலாயாங் பாசாரிலிருந்து காய்கறி ஏற்றி அப்பா ஓட்டிய பழைய பிக்கப், கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் வெறும் எலும்பாகக் கிடந்தது. கேபினும் பின்பெட்டியும் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பெயிண்ட் பட்டறைக்குப் போயிருந்தன. அடிச்சட்டத்தை மட்டும் இரும்புத் தாங்கிகளில் ஏற்றிவைத்து, ஞாயிறுதோறும் நான் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சின்ன விஷயத்துக்கே நான் பயப்படுகிறவன். இது சின்ன விஷயமில்லை. சட்டத்தின் வலது முன்முனையில் சேசிஸ் எண் குத்தியிருக்கும். வண்டி மறுபடி சாலையில் ஓட வேண்டுமானால், பரிசோதனை நிலையத்தில் அதிகாரி அந்த எண்ணைத் தன் கண்ணால் படிக்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் அது யாருடைய வண்டி என்ற கேள்வி வரும். நாமே புதிதாகக் குத்தினாலோ, கம்பி எண்ண வேண்டியதுதான்.

மற்ற இடங்களில் துரு மேலோட்டம்தான். எண் இருந்த இடம் மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது. ஏன் அங்கே மட்டும் என்று எனக்குப் புரியவில்லை. இரும்பு தேய்க்கும் கிரைண்டரை அந்தப் பக்கம் கொண்டுபோகப் பயந்து, துரு மருந்தில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பல்லு வெளக்கி விடுறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா வேறு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

"நம்பர் வந்துச்சா?"

"வரும் லா, அப்பா."

ஒவ்வொன்றாக வந்தது. கடைசி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியாமல் என் தூக்கத்தைக் கெடுத்தது. சாக்குக்கட்டியைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது எட்டு தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவைக் கூப்பிட்டேன். பாதி எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து, நேராக அந்த எண்ணின் மேல் பிழியப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"விடுடா. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இங்கதான் புழிவேன். நம்பர் பிளேட்ட மாத்திடலாம், இத மாத்த முடியாது. இதான வண்டியோட பேரு."

என் பார்வை அரித்திருந்த குழிகளுக்குப் போனது. அவர் குழிகளைப் பார்த்தார், கையிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"நான்தானா?"

"இல்லப்பா. மழத்தண்ணி."

அவர் நம்பவில்லை. பழத்தை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேபினும் பின்பெட்டியும் திரும்பி வந்து பூட்டியபின், பரிசோதனை நிலையத்து அதிகாரி எண்ணை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வண்டி ஓடத் தயாரான காலையில் அப்பா நான்கு முழு எலுமிச்சம்பழங்களோடு போர்ச்சின் ஓரத்தில், வண்டியிலிருந்து எட்டியே நின்றார். வாழ்நாளில் எதையும் யாரையும் கேட்டுச் செய்யாத மனிதர்.

"டயருக்கு அடியில வெக்கலாம்ல?" என்று என்னைக் கேட்டார்.