திங்கட்கிழமைக் கதவு

நாவலூரில் தோழி வாங்கிய புது ஃபிளாட்டில் அலமாரியைத் திறந்தேன். பிளைவுட் வாடை முகத்தில் அடித்தது. மூக்குத்தண்டில் ஊசி, கண்ணோரத்தில் நீர். புது வீட்டு வாசனை என்றாள் அவள். எனக்கு அது ஃபார்மலின். எனக்கு அது திங்கட்கிழமைக் காலை.

ஊரப்பாக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி எங்கள் ஆய்வுக்கூடம். கோழிகளின் கழுத்தைத் திருகிச் சாகடிக்கும் ராணிக்கெட் வைரஸை நான் கருவுற்ற முட்டைகளுக்குள் வளர்த்தேன். ஓட்டில் துளையிட்டு, ஒரு துளி செலுத்தி, மெழுகால் அடைத்து, கதகதப்பில் வைத்துக் காத்திருக்கும் வேலை. சனிக்கிழமை மாலை முட்டையறைக்குப் புகை போட்டு மூடுவோம். ஊதாநிறப் பெர்மாங்கனேட்டின் மேல் ஃபார்மலினை ஊற்றினால் தானே கொதித்து வெள்ளையாக எழும். அறையில் மிச்சமிருக்கும் கிருமியெல்லாம் அதில் சாகும். திங்களன்று கதவைத் திறந்து, புகை போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று மீட்டர் உண்டு. எங்களிடம் இல்லை. எங்களிடம் அக்கா இருந்தார்.

அவர் லேப் உதவியாளர். சேலையூரிலிருந்து வருவார், ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. கதவிடுக்கில் தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்து, வரலாம் என்பார். அப்புறம்தான் நாங்கள் நுழைவோம். மீட்டர் கேட்டபோதெல்லாம் இயக்குநர் அக்காவைக் காட்டிச் சிரித்தார். இந்த மூக்கை இன்ஷூர் பண்ணி வைங்க சார் என்று அக்காவும் சிரிப்பார்.

ஒரு திங்கள், அவர் வரலாம் என்றதும் உள்ளே போன நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். அக்கா மட்டும் நின்று முட்டைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போ வர்றவங்களுக்கு எல்லாத்துக்கும் அலர்ஜி என்று எங்களைக் கேலி செய்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. எப்போதும் சிவந்தே இருந்ததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அந்த வருடம் நான் வைரஸிலிருந்து சற்று விலகி, வைரஸோடு வேலை செய்பவர்களின் மூச்சில் என்ன போகிறது என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன். காலரில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை, காற்றிலிருக்கும் ஃபார்மலினைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கூடவே ஒரு மோப்பச் சோதனை: காபித்தூள், கிராம்பு, எலுமிச்சை, கற்பூரம், நான்கு குப்பிகள். ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கினேன். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம் என்று அதில் நான்தான் எழுதியிருந்தேன்.

அக்காவின் வில்லை மற்ற எல்லாரையும்விட மிக அதிகமாகக் காட்டியது. மோப்பத்தில் மட்டும் நான்கும் சரி. கடகடவென்று சொன்னார். பிறகுதான் உறைத்தது: குப்பிகளைக் கழுவி, நிரப்பி, வரிசையாக வைத்ததே அவர். மறுநாள், சோதனையை இன்னொரு முறை செய்வோம் என்றேன். கிராம்பின் இடத்தில், உள்ளிருப்பது தெரியாத குப்பியில், வெறும் தண்ணீர் வைத்திருந்தேன். இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. அவர் முகர்ந்தார்.

"கிராம்பு," என்றார்.

அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, குப்பியை உள்ளங்கையில் கவிழ்த்தார். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். ஒரு வருடமாகவே இப்படித்தானாம். வீட்டில் பால் தீய்ந்து, பக்கத்து போர்ஷன்காரர்கள் வந்து கதவைத் தட்டிய அன்று தெரிந்ததாம். வெளியே சொன்னால் மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்றார். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"என்னை எதுக்கு வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறீங்க மேடம்? தட்டு கழுவவா? அதுக்கு யார் வேணா வருவாங்க. அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்துடுங்க. காரணம் கேக்க மாட்டேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

அவர் விலகினால் என் அறிக்கையில் யாரும் பயப்பட ஒன்றும் இருக்காது, மீட்டரும் வராது. விலகாவிட்டால், பெயர் போடாமல் எழுதினாலும், ஐந்து பேரில் அது யாரென்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்துவிடும். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன், இனி கதவுக்கு நானும் வருவேன் என்று.

அப்படியே இரண்டு வருடம் போயிற்று. இருவரும் தலையை நீட்டுவோம். நான் முகர்வேன். புகை போயிருந்தால் அவர் முழங்கையை லேசாகத் தொடுவேன். வரலாம் என்று அவர் பழைய குரலில் அறிவிப்பார். எனக்கு ஏன் இந்தத் திடீர் அக்கறை என்று யாரும் கேட்கவில்லை. அறிக்கை வெளியானது, ஆய்வுக்கூடத்தின் காற்று பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது என்று எழுதியிருந்தேன். இயக்குநர் கைகொடுத்தார். அந்த வரியில் பொய் கிடையாது. ஓர் ஆள்தான் குறைவு.

ஓய்வு பெற்ற அன்று சால்வை, பிரியாணி, ஆளுக்கு நாலு வார்த்தை. ஊரப்பாக்கத்தில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினோம். அவர் சேலையூர் பஸ்ஸுக்குக் கிழக்கே போக வேண்டும், நான் மேற்கே. மேம்பாலத்தின் நடுவில், கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போக, இனி யார் முதலில் போய்ப் பார்ப்பார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன். அவர் சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தார்.

"வேணாம்மா. கதவைத் திறந்து போட்டுட்டு ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீங்க, நீங்களும் போகாதீங்க. ஏன்னு கேட்டாங்கன்னா, அந்த அக்காவுக்கு மூக்கு போயிடுச்சுன்னு சொல்லுங்க. இனிமே சொல்லலாம்."