பாங் என்றார் துரை

எழுபதுகளின் தொடக்கத்தில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கிளார்க்காக இருந்தேன். வெள்ளைக்கார மானேஜர் துரையின் இங்கிலீஷைத் தொழிலாளிகளுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் தூளைத் தரம் பிரிக்கும் அறைக்குப் பெண்கள் பூ வைத்துக்கொண்டோ பவுடர் பூசிக்கொண்டோ வரக் கூடாது. ஒரு மழை நாளில் துரை அங்கே நுழைந்தார். மூக்கைச் சுருக்கி, சிரித்துக்கொண்டே "பாங்" என்றார். அப்படியே இலையை உலர்த்தும் டிரையர் பக்கம் போய்விட்டார்.

கெட்ட வாடைக்கு இங்கிலீஷ்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லும் சொல் அது. எங்கிருந்து வந்ததென்று அகராதிக்காரர்களுக்கே நிச்சயமில்லை. நாடோடி ஜனங்களின் பேச்சிலிருந்து வந்திருக்கலாமாம். இது பின்னால் படித்தது. ஆனால் கனமில்லாத சொல் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தமிழில் அப்படி ஒன்று அகப்படவில்லை. நான் தேடவும் இல்லை.

"இங்க நாத்தம் அடிக்குதுன்னு துரை சொல்றாரு. யாரு அது?" என்று கேட்டேன்.

பிரசவம் முடிந்து அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பிய ஒருத்தி எழுந்து நின்றாள். பால் ஊறுவதற்காகத் தினமும் பூண்டு தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை ஃபாக்டரியை ஒட்டிய கிரெச்சில் இருந்தது. நடுநடுவே ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். துரை யாரையும் குறிப்பிடவில்லை. வாடை அவருடைய நனைந்த கோட்டிலிருந்தேகூட வந்திருக்கலாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஃபாக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் சொல்லி அவளை மேல்மலைக்குக் கொழுந்து கிள்ள அனுப்பவைத்தேன். அங்கிருந்து கிரெச்சுக்கு வந்து போக ஒரு மணி நேரம் ஆகும். கங்காணி விடமாட்டார்.

மூன்று வாரம் கழித்து, தரம் பிரிக்கும் அறையில் ஓர் இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று துரையே கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்ன ஞாபகமே அவருக்கு இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைப் பார்த்து, நாளை முதல் உள்ளே வரலாம், பூண்டை மட்டும் நிறுத்திவிடு என்றேன்.

"நிறுத்தி ரெண்டு வாரமாச்சுய்யா," என்றாள். "பால் வத்திப்போச்சு. இனி எதுக்குப் பூண்டு?"